ரோல் சப்ளை என்று சேமித்த எண்

செஞ்சியில் பிளக்ஸ் கடை வைத்திருப்பவனுக்கு ஊரின் நல்லது கெட்டது எல்லாம் மற்றவர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். எந்த வீட்டுப் பெண் வயதுக்கு வந்தாள், யார் பேரனுக்குக் காதுகுத்து, யார் போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் முதலில் என் வாட்ஸ்அப்புக்குத்தான் போட்டோவாக வரும். ஊர் விஷயத்தை ஆறடிக்கு நான்கடி அச்சடித்துக் கம்பத்தில் கட்டுகிற எனக்கு, சொந்த விஷயம் ஒன்றை ஐந்து மாதம்கூட மறைத்து வைக்கத் துப்பில்லாமல் போனது.

கடையில் நானும் என் மனைவியும்தான். அவள் என் அத்தை மகள். கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது, மெஷினை ஓட்டுவது அவள். அளவெடுப்பது, சட்டம் அடிப்பது, கட்டுவது, வருகிறவர்களிடம் வாயடிப்பது நான். என் போன் வாட்ஸ்அப்பைக் கடைக் கம்ப்யூட்டரிலும் திறந்து வைத்திருப்போம். போட்டோக்கள் அதில்தான் வந்து இறங்கும். எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஏற்பாடுதான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை.

போன வருடம், நாங்கள் டைப்ரைட்டிங் படித்த இன்ஸ்டிடியூட்டின் பழைய மாணவர்களுக்காக யாரோ ஒரு குரூப் ஆரம்பித்தார்கள். ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாகப் போய்க்கொண்டிருந்த அந்தக் குரூப்பில் ஒருநாள் என்னைக் குறிப்பிட்டு ஒரு வரி வந்தது: “இன்னும் அதே மாதிரி ஜோக் அடிக்கறீங்களா?”

இருபத்தேழு வருடங்களுக்கு முன் எனக்குப் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து டைப் அடித்த பெண். நான் ஏதாவது சொல்வேன், அவர் சிரிப்பார், மாஸ்டர் ஸ்கேலால் என் மேஜையைத் தட்டுவார். ஒரே ஒரு கடிதம் கொடுத்தேன். மார்ஜின் ஒழுங்காக இருந்தது என்பதைத் தவிர அதில் பாராட்ட ஒன்றுமில்லை. அதைப் படித்துவிட்டும் சிரித்தார். இரண்டு மாதத்தில் கல்யாணமாகி ஆரணிப் பக்கம் போய்விட்டார். எங்கள் காவியம் மொத்தமும் இவ்வளவுதான்.

ஆனால் அந்த ஒரு வரியைப் பார்த்ததும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற நாற்பத்தொன்பது வயது ஆளுக்குள் என்னவோ புகுந்துகொண்டது. தனியாகப் பேச ஆரம்பித்தோம். மதியம் என் மனைவி வீட்டுக்குச் சாப்பிடப் போகிற ஒரு மணி நேரம்தான் எங்கள் நேரம். “சாப்டீங்களா?” என்று கேட்பார். பிளக்ஸ் வாடை அடிக்கும் கடையில் உட்கார்ந்துகொண்டு, அந்த மூன்றாம் தரக் கேள்விக்கு முதல் தரப் பதில் யோசிப்பேன். மீசைக்கு மை போடத் தொடங்கினேன்.

“இன்னா மாமா, பேனர்ல உன் போட்டோ போடப் போறாங்களா?” என்றாள் என் மனைவி.

நானும் சிரித்தேன். அவள் சந்தேகமே இல்லாமல்தான் கேட்டாள்.

அந்த எண்ணை என்ன பெயரில் சேமிப்பது என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஆண் பெயர் வைத்தால் யாரென்று கேட்பாள். சொந்தக்காரர் என்றால் அவளுக்குத் தெரியாத சொந்தம் எனக்கு ஏது? கடைசியில் “ரோல் சப்ளை பாண்டி” என்று வைத்தேன். எங்களுக்கு பிளக்ஸ் ரோல் பாண்டிச்சேரியிலிருந்து வரும். உண்மையான ரோல்காரரை என் போனில் வேறு பெயரில் வைத்திருந்தேன். அவரிடம் பேசுவது எப்போதும் நான்தான் என்பதால் இது பூட்டு மாதிரி என்று நினைத்தேன். என் மூளையை நானே தட்டிக் கொடுத்துக்கொண்டேன். உலகத்தில் இருக்கிற அத்தனை பெயர்களையும் விட்டுவிட்டு, அவசரத்தில் என் மனைவி தேடக்கூடிய ஒரே பெயரை வைத்திருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

பேச்சு வளர வளர எனக்கு ஜோக் பஞ்சம் வந்தது. பழைய மாஸ்டரை எத்தனை நாள் கிண்டல் செய்வது? அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அந்த வருடத் தொடக்கத்தில் என் மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். விழுப்புரத்தில் ஆபரேஷன். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள், இப்போதைக்குப் பயமில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்றார்கள். குடலிறக்கம் என்றுதான் தெருவில் சொல்லி வைத்திருந்தோம். அவளைப் பெற்ற தாய்க்கும் அதே கதைதான். “எங்கம்மா கிட்ட கூட சொல்லாத மாமா. நாலு பேரு என்ன ஒரு மாதிரி பாப்பாங்க. உன் வாய்ல எதுவும் நிக்காது, இது மட்டும் நிக்கணும்” என்றாள். தன் தலையில் கையை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாள், செய்தேன். ஆபரேஷன் அறை வாசலில் நகை எதுவும் கூடாது என்று நர்ஸ் சொன்னபோது, குனிந்து மெட்டியைக் கழற்றி என் கையில் கொடுத்து, “திரும்ப நான் வந்து போட்டுக்குவனா?” என்று அழுதாள்.

இதைத்தான் ஜோக்காக்கினேன். என்ன எழுதினேன் என்பதை மறைத்தால் இந்தக் கட்டுரை இன்னொரு பொய்யாகிவிடும். “எங்க வீட்டு வண்டிய சர்வீசுக்கு விட்டேன், ஒரு பார்ட்டைக் கழட்டி வச்சிக்கிட்டாங்க, ஆனாலும் ஹாரன் சத்தம் மட்டும் குறையல” என்று எழுதினேன். அந்தப் பக்கமிருந்து கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள் வந்தன. மூன்று முகம் வந்த தெம்பில் மெட்டிக் கதையையும் எடுத்துவிட்டேன். “உயில் எழுதற மாதிரி கழட்டிக் குடுத்தா” என்று. அதற்கு ஐந்து முகங்கள்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை. மண்டகப்பட்டில் ஒரு காதுகுத்துக்குச் சட்டம் அளவெடுக்கப் போயிருந்தேன். சிங்கவரத்தில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர் மட்டும் எங்கள் தொழிலில் காத்திருக்காது. பிறந்தநாள் பேனர் ஒருநாள் தாமதமானால் திட்டோடு போகும். சாவு பேனர், பிணம் எடுப்பதற்குள் கட்டியாக வேண்டும். போட்டோ கம்ப்யூட்டருக்கு வந்தது, என் மனைவி டிசைன் முடித்தாள், மெஷின் ஓடியது, பாதியில் ரோல் தீர்ந்துவிட்டது. புது ரோல் பார்சல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்களா என்று கேட்க எனக்குப் போன் செய்திருக்கிறாள். நான் புளியமரத்து நிழலில் நின்று, சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்குப் பதில் தட்டிக்கொண்டிருந்தேன். அவள் அழைப்பை எடுக்கவில்லை. அவள் கம்ப்யூட்டரில் ‘ரோல்’ என்று தட்டித் தேடினாள்.

நான் திரும்பியபோது மணி மூன்று இருக்கும். அவள் தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“சாவு வூட்டுக்காரங்க வந்து வாங்கிக்கினு போய்ட்டாங்க” என்றாள். “பழைய துண்டு இருந்துச்சி, ஒட்டிக் குடுத்தேன்.”

திரையில் எங்கள் உரையாடல் திறந்திருந்தது. மேலே, மெட்டிக் கதை இருக்கும் இடத்தில் நிறுத்தி வைத்திருந்தாள்.

மனிதனுக்குப் பயம் வந்தால் அறிவு வேலை செய்யாது என்பார்கள். எனக்கு நாக்கு மட்டும் நன்றாக வேலை செய்தது. “யாரோ என் போன ஹேக் பண்ணிட்டாங்க” என்றேன்.

அவள் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்து வைத்தாள். “ஹேக் பண்ணவனுக்கு என் மெட்டி எப்படித் தெரியும்?”

நான் கையிலிருந்த அளவு டேப்பைச் சுருட்டினேன்.

“நீ அந்தப் பொம்பளையோட பேசிக்கினு இருந்தத கூட விடு. பொச கெட்ட ஆளு, வயசான காலத்துல ஆடறான்னு நெனச்சிக்குவேன். என்ன வச்சி சிரிச்சிக்கினு இருந்திங்களே ரெண்டு பேரும். அத எங்க கொண்டுபோய் வைக்கறது?”

அவள் வீட்டுக்குப் போனபின் உரையாடலின் கடைசிக்கு இறங்கிப் பார்த்தேன். என் பெயரிலேயே, என் எண்ணிலிருந்தே, அவள் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்: “நான் அவங்க வீட்டுக்காரி. எனக்கு ஆபரேஷன் ஆனது சிரிக்கற விஷயம் இல்லம்மா.” கீழே பதில் இருந்தது: “அவரே சிரிச்சாருன்னு நானும் சிரிச்சிட்டேன். மன்னிச்சிடுங்க அக்கா.” அதோடு என்னை பிளாக் செய்துவிட்டார்; அவர் படம் இருந்த இடம் வெறும் சாம்பல் வட்டம் ஆகியிருந்தது. குரூப்பிலிருந்தும் விலகிவிட்டார். அவர் வீட்டில் இது தெரிந்ததா, அங்கே என்ன ஆனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கிற யோக்கியதையும் இல்லை. என்னைப் பற்றிய மொத்த வழக்கையும் இரண்டு பெண்கள் இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். என்னைச் சாட்சிக்குக்கூடக் கூப்பிடவில்லை.

அன்று கோட்டைப் பக்கம் போய் வண்டியை நிறுத்திவிட்டு மன்னிப்பு ஒத்திகை பார்த்தேன். அழுவது மாதிரி ஒன்று, காலில் விழுவது மாதிரி ஒன்று. அவளுக்கென்று வாங்கிய தட்டை முறுக்குப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறி, என்னைப் பார்த்தபடியே தின்றது. இதை அவளிடம் சொன்னால் சிரித்துவிடுவாள், சிரித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று கணக்குப் போட்டேன். போய்ச் சொன்னேன். இருபத்துநான்கு வருடமாக எங்கள் சண்டைகள் எல்லாம் இப்படித்தான் தீரும்.

அவள் கேட்டுக்கொண்டாள். “சோறு போடட்டுமாங்க?” என்றாள்.

என்னை அவள் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவாள், பின்னாலேயே ஒரு ‘மாமா’ வரும். அன்றிலிருந்து ‘நீங்க’. மாமா நின்றுபோனது. பார்க்கிறவர்களுக்கு மரியாதை கூடிவிட்டது போலத் தெரியும். என் மாமியார்கூட, “இப்பத்தான் இவளுக்கு புருஷன்கிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரிஞ்சிருக்குது” என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

கடை வழக்கம்போல நடக்கிறது. அவள் டிசைன் செய்கிறாள், நான் சட்டம் அடிக்கிறேன். கடைக்கு வருகிறவர்கள் என் ஜோக்குக்குச் சிரிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது அவள் மவுசை நகர்த்துகிற சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டிய நாள். போன முறை பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவன் நான்தான். இந்த முறை காலையில் பீரோமேல் அந்த ரிப்போர்ட் பை இல்லை. அவள் தங்கையை வரவழைத்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே போய்விட்டாள். பெற்ற தாய்க்கே சொல்லாததைத் தங்கையிடம் சொல்லியிருக்கிறாள், என்னைக் கூட்டிக்கொண்டு போகாமல் இருப்பதற்காக.

மதியம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். மூன்று விழுப்புரம் பஸ் வந்து போனபின் நான்காவதில் இறங்கினார்கள்.

“இன்னா சொன்னாரு டாக்டரு?”

“பாத்தாங்க.”

“நல்லாருக்குதுன்னாரா? ஒண்ணும் இல்லன்னா ஒண்ணும் இல்லன்னு சொல்லும்மா. எனக்கு மனசு அடிச்சிக்குது.”

பையை அக்குளில் இறுக்கிக்கொண்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “உங்க கிட்ட சொன்னா அது யாரு கிட்ட போவும்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள். காய்கறிக் கடைப் பக்கம் நடந்தாள்.

பின்னால் வந்த கொழுந்தியாளை நிறுத்தினேன். “நீயாவது சொல்லேன்.”

“அக்கா சொல்லக்கூடாதுன்னு சொல்லிச்சி மாமா” என்றாள். “அது தலை மேல என் கைய வச்சி சத்தியம் வாங்கினுச்சி.” அவளுடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். அழுத முகமா, வெயிலில் வந்த முகமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அதற்கப்புறம் காலையில் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை போட்டுக்கொள்கிறாள். சத்து மாத்திரையாக இருக்கலாம். அட்டையைப் பார்த்தால் பெயர் தெரியும், பெயர் தெரிந்தால் போனில் தேடலாம் என்று ஒருநாள் அவள் பையைத் தொட்டேன். அப்புறம் கையை எடுத்துவிட்டேன். இதையும் திருட்டுத்தனமாகத் தெரிந்துகொண்டால் நான் எதற்கு ஆவேன்?

கடையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறோம். மெஷினைப் பார்க்க எழுந்திருக்கும்போது அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்று, பிறகு நடக்கிறாள். முன்பும் அப்படித்தான் நிற்பாளா, இப்போதுதான் நிற்கிறாளா என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு நினைவில்லை.