முருகேஸ்வரி அழித்த ஒரு வரி

தூத்துக்குடியில் யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்பது முருகேஸ்வரிக்கு ஓரளவு தெரியும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மருந்துக்கடையின் மாடி அறையில் பன்னிரண்டு வருடமாக அவள் வருமான வரி ரிட்டன் போட்டுக்கொடுக்கிறாள். ஜூன் பிறந்துவிட்டால் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், அனல் மின் நிலையத்து ஃபோர்மேன், பள்ளிக்கூட ஆசிரியர் என்று ஒவ்வொருவராகக் சம்பளமும் பிடித்த வரியும் காட்டிக் கம்பெனி கொடுத்த ஃபார்ம் பதினாறை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியேறி வருவார்கள். ஒரு ரிட்டனுக்கு ஐந்நூறு ரூபாய்.

வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். அன்று காலையும் சங்கரபாண்டியன் என்ற உரத் தொழிற்சாலை ஊழியர் கேட்டார்.

"கம்பெனிக்காரனே மாசாமாசம் வரியப் பிடிச்சிருதான். பொறவு நான் எதுக்கும்மா ரிட்டன் போடணும்?"

"அவுங்க பிடிச்சது அவுங்க குடுத்த சம்பளத்துக்கு மட்டுந்தான் அண்ணாச்சி. பேங்கு வட்டி, வீட்டு வாடகை, வேற எடத்துல வாங்குன சம்பளம் எல்லாத்தையும் சேத்து மொத்தத்த நாமதான் சொல்லணும். சேத்துப் பாத்தா கூடக் கட்ட வேண்டியது வரும், இல்ல திரும்ப வரும்."

சொல்லி முடித்து அவரை அனுப்பிய அரை மணி நேரத்தில் சரண்யாதேவி வந்தாள்.

இருவரும் பி.காம் மூன்று வருடமும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். முருகேஸ்வரிதான் வகுப்பில் முதல். சரண்யா காஸ்டிங் பேப்பரை மூன்று தடவை எழுதித்தான் தேறினாள். அதுவும் முருகேஸ்வரியின் நோட்டை வாங்கிப் படித்து. முருகேஸ்வரிக்கு சி.ஏ. படிக்க ஆசை இருந்தது. உடன்குடியில் மளிகைக்கடை வைத்திருந்த அவள் அப்பா, பாதி படிப்பில் வரன் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, படிப்பு தொடங்கும் முன்பே கல்யாணத்தை முடித்துவிட்டார். சரண்யா ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் டைப் அடிக்கப் போனாள். பிறகு எப்போதாவது கடைத்தெருவில் பார்த்துக்கொள்வதோடு சரி.

"ஏளா முருகேஸ், ஒன் கடை இங்கனதான் இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் சரண்யா. "எங்க ஆபீஸ் ஆடிட்டரு போன எடுக்க மாட்டுக்காரு. எனக்கு இதுல ஒரு எழவும் புரியாது. நீயே போட்டு விட்டுரு."

அவள் நீட்டியது ஒரே ஒரு ஃபார்ம் பதினாறு. முருகேஸ்வரி அதைக் கையில் வாங்கியதும் கண் நேரே மொத்தச் சம்பளத்துக்குப் போனது. ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். அதுவும் எட்டு மாதத்துக்கு. மாதம் ஒரு லட்சத்து இருபதாயிரம்.

"எட்டு மாசந்தான் போட்டிருக்கு?"

"ஆகஸ்ட்லதான இங்க சேந்தேன். அதுக்கு முன்னாடி நாலு மாசம் பழைய கம்பெனி. அந்த ஃபார்ம் வரல. அது எதுக்கு, அவுங்கதான் பிடிச்சிட்டாங்கல்ல."

வருமான வரித் துறையின் தளத்தைத் திறந்ததுமே இரண்டு கம்பெனியும் தாமாகவே வந்து நின்றன. பழையதில் மூன்று லட்சத்து இருபதாயிரம், புதியதில் ஒன்பது லட்சத்து அறுபதாயிரம். சம்பளத்தில் வரி போடாமல் ஒதுக்கும் ஐம்பதாயிரம் நிலைக்கழிவை இரண்டுமே தனித்தனியாகக் கொடுத்திருந்தன. முதல் மூன்று லட்சத்துக்கு வரி இல்லை என்ற சலுகையையும் இரண்டும் தனித்தனியாகக் கொடுத்திருந்தன. ஒரு ஆளுக்கு அது ஒரு தடவைதான். புதிய கம்பெனியில் சேர்ந்தபோதே பழைய சம்பளத்தை எழுதிக் கொடுத்திருந்தால் அவர்கள் சேர்த்துப் பிடித்திருப்பார்கள். சரண்யா கொடுக்கவில்லை. ஆகவே அவள் இப்போது இன்னும் முப்பத்தைந்தாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாயும் கொஞ்சம் வட்டியும் கட்ட வேண்டியிருந்தது.

அதை வாய் திறந்து சொல்வதுதான் முருகேஸ்வரியின் வேலை. தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறாள். அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்து ஆறுதலும் சொல்கிறாள். ஆனால் சரண்யாவின் முகம் சுருங்காது. அப்படியா என்று கேட்டுவிட்டு போனை எடுத்து அந்த இடத்திலேயே கட்டிவிடுவாள். முருகேஸ்வரியின் வீட்டுக்காரர் சிவப்பிரகாஷ் உப்புக் கம்பெனி எடைமேடையில் இரண்டு மாதம் நின்று வாங்குகிற பணம் அது. காஸ்டிங்கில் இரண்டு தடவை பெயிலானவள் அதை விரலால் தள்ளிவிட்டு, டீ சொல்லேன் என்பாள். அதை உட்கார்ந்து பார்க்க முருகேஸ்வரிக்கு மனம் இல்லை.

பழைய கம்பெனி இருந்த வரியின் ஓரத்தில் அம்புக்குறியை வைத்து அழித்தாள். இந்த வரியை நீக்கவா என்று திரை கேட்டது. ஆம் என்றாள். கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாயிற்று.

இது நிற்காது என்று அவளுக்குத் தெரியும். துறையிடம் இரண்டு சம்பளமும் இருக்கின்றன; இரண்டு மூன்று மாதத்தில் கேள்வி வரும். வரட்டும் என்று நினைத்தாள். ஆபீஸில் சரண்யா பெரிய மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது வரட்டும்.

"ஒண்ணும் கட்ட வேண்டாமா?" சரண்யா ஆச்சரியப்பட்டாள்.

"வேண்டாம்."

ஆதாருக்கு வந்த ஓ.டி.பி.யைச் சரண்யா வாசித்தாள். ரிட்டன் ஏறிவிட்டது. அவள் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை மேஜையில் வைத்து, "மிச்சத்த பிள்ளையளுக்கு எதாச்சும் வாங்கிக் குடு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கூடுதல் நோட்டு முருகேஸ்வரியைச் சாயங்காலம் வரை உறுத்தியது.

அடுத்த வாரத்திலிருந்து சரண்யாவின் ஆபீஸ் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "சரண்யா மேடம் அனுப்புனாங்க" என்று சொல்லிக்கொண்டு ஜூலை முடிவதற்குள் பதினேழு பேர் வந்தார்கள். அந்த சீசனில் முருகேஸ்வரிக்கு வழக்கத்தைவிட நல்ல வருமானம். சிவப்பிரகாஷ் சந்தோஷப்பட்டார். அவளுக்கோ ஒவ்வொரு தடவையும் மேடம் என்ற சொல் காதில் விழும்போது ஒரு கொதிப்பு ஏறியது. ஒருவர் மேடத்தின் புதுக் காரைப் பற்றிச் சொன்னார். ஒரு பெண், மேடம் ஒரு வேலையை ஒரு தடவை பார்த்தால் போதும், பிடித்துக்கொள்வார் என்றாள். முருகேஸ்வரி தலையை நிமிர்த்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள்.

நோட்டீஸ் அக்டோபரில் வந்தது. நேர்ந்துகொண்டு தசரா வேஷம் கட்டியவர்கள் கீழே கடை கடையாகக் காணிக்கை வாங்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். ஆனால் அது சரண்யாவின் மேஜைக்குப் போகவில்லை. வாடிக்கைக்காரர்கள் மெயில் பார்க்க மாட்டார்கள் என்பதால் முருகேஸ்வரி எல்லாருக்கும் தன் கடையின் மெயில் முகவரியைத்தான் கொடுப்பாள். பழக்க தோஷத்தில் சரண்யாவுக்கும் அதையே கொடுத்திருந்தாள். நீங்கள் காட்டிய சம்பளத்துக்கும் எங்களிடம் உள்ள சம்பளத்துக்கும் வித்தியாசம் இருக்கிறது, முப்பது நாளில் பதில் சொல்லுங்கள் என்று முருகேஸ்வரியின் மெயில் பெட்டிக்கே வந்து நின்றது.

பதில் போகாவிட்டால் துறை தானே அந்தச் சம்பளத்தைச் சேர்த்து, வட்டியோடு கேட்கும். முருகேஸ்வரி மெயிலை மூடினாள். மறுநாள் காலை கடை திறந்ததும் அதைத் திறந்து பார்த்தாள். அதற்கடுத்த நாளும் பார்த்தாள். முதல் சில நாட்கள் ஒரு ருசி இருந்தது. பத்தாம் நாள் ருசி போய் வெறும் பயம்தான் மிஞ்சியது. அப்போதும் அவள் போன் செய்யவில்லை.

இருபதாம் நாள் பெனிஸ்டன் வந்தான். சரண்யாவின் கீழே வேலை பார்க்கிறவன், முப்பது வயது இருக்கும்.

"அக்கா, ஜூலையில விட்டுட்டேன். இப்பம் போட முடியுமா?"

"டிசம்பர் முப்பத்தொண்ணு வரைக்கும் போடலாம். லேட் ஃபீஸ் ஐயாயிரம் ஆகும். அஞ்சு லட்சத்துக்குள்ள வருமானம்னா ஆயிரம்."

பெனிஸ்டன் இரண்டு ஃபார்ம் பதினாறை எடுத்து வைத்தான். பிறகு ஒன்றை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"மேடத்துக்குப் பழைய கம்பெனிய விட்டுட்டுப் போட்டீங்களாமே. ஒத்தப் பைசா கட்டலயாம். எனக்கும் அப்படியே போட்டுருங்கக்கா."

முருகேஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். பதினேழு பேர் வந்தது தன் கணக்கு அறிவுக்காக என்று அவள் நினைத்திருந்தாள். எத்தனை பேர் இதற்காக வந்தார்களோ. இரண்டையும் வாங்கி, இரண்டையும் சேர்த்து, அவன் கட்ட வேண்டியதைச் சொன்னாள். அவன் முகம் தொங்கிப்போனது. அவன் படியிறங்கியதும் சரண்யாவுக்குப் போன் செய்தாள்.

சரண்யா சாயங்காலம் ஆபீஸ் உடையிலேயே வந்தாள். முருகேஸ்வரி திரையை அவள் பக்கம் திருப்பினாள். "ஒனக்கு நோட்டீஸ் வந்துருக்கு. ரெண்டு கம்பெனி சம்பளத்தையும் சேத்துக் காட்டிருக்கணும். திருத்தி வேற ரிட்டன் போட்டுட்டா முடிஞ்சுது, பயப்பட ஒண்ணுமில்ல. வட்டியோட நாப்பதாயிரம் கிட்ட வரும்."

சரண்யா வாசித்தாள். "நாந்தான ஒரு ஃபார்ம் மட்டும் கொண்டாந்தேன். நீ கவனிக்காம விட்டுட்ட, அவ்வளவுதான?"

தப்பித்துக்கொள்ள நல்ல வழி அது; சரண்யாவே திறந்துவிட்ட வழி. முருகேஸ்வரி மேஜைமேல் இருந்த ஸ்டேப்ளரைத் திறந்து மூடினாள்.

"கவனிச்சேன். ரெண்டும் வந்து நின்னுச்சு. ஒண்ண நாந்தான் அழிச்சேன்."

"எதுக்குளா?"

"ஒஞ் சம்பளத்தப் பாத்தேன்."

கீழே ஒரு கன்டெய்னர் லாரி திரும்ப வழியில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. சரண்யா நோட்டீஸை இன்னொரு தடவை வாசித்தாள்.

"முப்பத்தஞ்சாயிரம் கட்டணும்னு அன்னைக்கே சொல்லியிருந்தா கட்டியிருப்பேனே."

"தெரியும். அதான்."

சரண்யா கைப்பையைத் திறந்தாள். பிறகு போனை எடுத்தாள். முருகேஸ்வரி சலானைத் தயார் செய்தாள். சரண்யா பணத்தைக் கட்டினாள். திருத்திய ரிட்டன் ஏறியது. ஓ.டி.பி.யை வாசித்த குரலில் கோபமும் இல்லை, வேறு எதுவும் இல்லை.

"பிந்துனதால நாலு மாச வட்டி கூட வந்துருக்கு. ஆயிரத்து நானூறு சொச்சம். அது என் தப்பு," என்று முருகேஸ்வரி பணத்தை எண்ணி நீட்டினாள். சரண்யா மறுக்காமல் வாங்கிக் கைப்பையில் வைத்தாள். அந்த ஒன்றுக்கு மட்டும் முருகேஸ்வரி அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

வாசலில் செருப்பை மாட்டியபடியே சரண்யா சொன்னாள்: "அடுத்த வருசத்துக்கு நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன். எங்க ஆபீஸ் ஆளுக ஒங்கிட்டயே வரட்டும். நான் யார்ட்டயும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாருக்கும் ஒழுங்காப் போடு."

முருகேஸ்வரி மறுநாளே வாடிக்கைக்காரர்களின் சொந்த மெயிலையும் போன் எண்ணையும் கேட்டு ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். ஏதாவது வந்தால் அவர்கள் கண்ணுக்குத்தான் முதலில் படவேண்டும் என்று நினைத்தாள். அடுத்த ஜூனில் சரண்யாவின் ஆபீஸிலிருந்து பதினோரு பேர் வந்தார்கள். பெனிஸ்டன் வரவில்லை.

அந்த ஆவணியில் சாயர்புரத்தில் கூடப் படித்த ஒருத்தியின் மகள் கல்யாணம். பந்திக்குப் போகும் வழியில் சரண்யா எதிரே வந்தாள். ஒதுங்கவில்லை. பக்கத்தில் நின்ற தன் நாத்தனாரிடம், "இவ முருகேஸ்வரி. எங்க செட்டுல கணக்குல இவள அடிச்சிக்கிட ஆளு கெடையாது" என்றாள். குத்திக்காட்டும் தொனி இருக்கிறதா என்று முருகேஸ்வரி உற்றுக் கேட்டாள். இல்லை. உண்மையாகவே சொன்னாள். குத்தல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். திருப்பிக் கோபப்படவாவது முடிந்திருக்கும். கார், சம்பளம் போல இந்த மனசும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று நினைத்தபோது பழைய கொதிப்பு மெல்ல ஏறியது. முருகேஸ்வரி சிரித்துவிட்டு, நாத்தனாரிடம் எந்த ஊர் என்று விசாரித்தாள். சாப்பிட்டு முடித்து, சிவப்பிரகாஷுடன் நான்கரை மணி பஸ்ஸில் ஊர் திரும்பினாள்.