பரிசல் பாட்டு முதலிடத்தில் இருந்த பதினொரு வாரங்கள்

அகல்யா தன் அண்ணனிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். ஆனால் அதை வாரா வாரம் கடிதத்தில் எழுதி, தபால்தலை ஒட்டி அனுப்பினாள். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. இப்போது ஐம்பத்தெட்டு. இடைப்பட்ட நாற்பத்தொரு வருடத்தில் கல்யாணம் ஆகி, சேலத்துக்கு வந்து, ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலை அலுவலகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வும் பெற்று, கொண்டப்பநாயக்கன்பட்டியில் கணவரோடு வீடு கட்டிக் குடியிருக்கிறாள். அந்தப் பொய்யை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

ராசிபுரத்தில் அவர்கள் வீடு பட்டுத்தறி போட்ட வீடு. கூடத்தில் இரண்டு தறிகள். அப்பா தறியில் உட்கார்ந்துவிட்டால் அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நின்று பேசினாலும் காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடலுக்கு அப்பாலிருந்து வருகிற தமிழ் வானொலியில் அந்த வாரத்தின் பத்துப் பாடல்களை வரிசைப்படுத்திப் போடுவார்கள். நேயர்கள் எழுதிப் போடுகிற தபால் அட்டைகளை எண்ணித்தான் வரிசை. பத்தாவது இடத்தில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மேலே ஏறி, கடைசியில்தான் முதலிடம் எதுவென்று சொல்வார்கள். அகல்யாவும் அண்ணன் பாலசுந்தரமும் வானொலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவன் காதைப் பெட்டியில் ஒட்டவைத்துக் கேட்டுச் சொல்வான், அவள் நோட்டில் எழுதுவாள். அவளைவிட மூன்று வயது மூத்தவன். சினிமாப் பாட்டு என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

அவனுக்கு உயிரான பாட்டு ஒன்று இருந்தது. ஆற்றில் பரிசல் தள்ளுகிறவன் அக்கரையில் நிற்கிறவளைப் பார்த்துப் பாடுகிற பாட்டு. தொடக்கத்தில் புல்லாங்குழல் தனியாக வரும், அப்புறம்தான் குரல். படம் ராசிபுரத்தில் ஒரே வாரம் ஓடிவிட்டுப் பெட்டி கட்டிப் போய்விட்டது. பாட்டும் ஒரே ஒரு வாரம் பத்தாவது இடத்தில் வந்தது. மறுவாரம் காணோம். நல்ல பாட்டுக்கு ஓட்டுப் போட ஆள் இல்லையே என்று அன்றைக்கு முழுவதும் பாலசுந்தரம் புலம்பிக்கொண்டே இருந்தான். பாட்டின் பெயர்கூட ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. இவர்கள் இரண்டு பேருக்கும் அது 'பரிசல் பாட்டு'.

எண்பத்து நான்காம் வருடம் பொங்கல் முடிந்ததும் அவன் ரிக் வண்டிக்குப் போனான். தறியில் உட்காரச் சொல்லி அப்பா கட்டாயப்படுத்தினார், அவனுக்கு ஒட்டவில்லை. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போகிற லாரிகளில் ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாறையைத் துளைக்க வேண்டும். சாப்பாடு, படுக்கை எல்லாம் லாரியிலேயே. கிளம்புகிற அன்று வாசலில் நின்று தங்கையிடம் ஒன்றுதான் கேட்டான்.

"பாப்பா, அங்க நம்ம ஸ்டேஷன் எடுக்காதாம். வாரா வாரம் பத்துப் பாட்டையும் எழுதிப் போடு. ஒரு வாரமும் உடக் கூடாது."

அவள் விடவில்லை. ஞாயிறு மதியம் எழுதி, திங்கட்கிழமை காலையில் தபால் பெட்டியில் போட்டாள். ரிக்குக்கு வேலை பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்டின் விலாசத்துக்குப் போய், அங்கிருந்து அவன் கைக்குச் சேர ஏழெட்டு நாளாகும். அவன் பதில் எழுதினான். வண்டியில் மொத்தம் ஒன்பது பேர், கடிதம் வந்தால் வேலை முடிந்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள், தான் பத்தாவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லி இரண்டு வரி பாடிக் காட்டுகிறேன் என்று எழுதினான். பெரும்பாலும் திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆட்கள், வேறு தமிழ்க் குரலே காதில் விழாத இடம் என்றும் எழுதியிருந்தான்.

பங்குனியில் வந்த கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. குழாய் மாட்டும்போது கை சிக்கி வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டதாம். இடது கையால் எழுதுகிறேன், அப்பாவிடம் சொல்லாதே என்றிருந்தது. கடைசியில், பரிசல் பாட்டு மறுபடியும் எப்போதாவது வந்ததா என்று கேட்டிருந்தான்.

அகல்யா மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து அந்தக் கோணல் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் வானொலியில் பத்தாவதாக வந்த பாட்டை எழுதாமல் விட்டாள். அந்த இடத்தில் பரிசல் பாட்டை எழுதினாள்.  தபால் பெட்டியில் போட்ட பிறகு, உள்ளே கைவிட்டு எடுக்க முடியுமா என்றுகூடப் பார்த்தாள்.

அவனிடமிருந்து இரண்டு பக்கத்துக்குப் பதில் வந்தது. வண்டியே அமர்க்களப்பட்டதாம். அப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. ஏழாவது இடம், நான்காவது, இரண்டாவது. சித்திரை கடைசியில் முதலிடம். அங்கேயே நிறுத்தி வைத்தாள். பதினொரு வாரம் அந்தப் பாட்டு முதலிடத்தை விட்டு இறங்கவில்லை.

ஆடியில், வடக்கே மழை வலுத்து வேலை நின்றதும் பாலசுந்தரம் ஊருக்கு வந்தான். கறுத்து, தோள் அகன்று, வேறு ஆள் மாதிரி இருந்தான். பதினெட்டாம் பெருக்கு முடிந்த மறுநாள் அவளை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துப் பக்கம் இருந்த பாட்டுப் பதிவு செய்கிற கடைக்குப் போனான். வெற்று கேசட்டும் பட்டியலும் கொடுத்தால் கேட்ட பாட்டையெல்லாம் பதிந்து தருவார்கள். அவன் நீட்டிய சீட்டில் முதல் பாட்டு பரிசல் பாட்டு. கடைக்காரர் சீட்டைப் பார்த்தார், படத்தின் பெயரைக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார். அந்தப் படத்துக்கு ரெக்கார்டே வாங்கவில்லை, இத்தனை நாளில் ஒருத்தரும் வந்து கேட்டதில்லை என்றார்.

அகல்யா பயந்துபோனாள். பதினொரு வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டை ஒருத்தரும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. மற்ற பாட்டுகளைப் பதிந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டு, போகிற வழியில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தான். வீடு வரைக்கும் வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பூவைப் பிடித்தபடியே நடந்தாள்.

அவன் வடக்கே திரும்பிப் போன பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். உண்மையைச் சொல்லவும் தைரியமில்லை, பொய்யைத் தொடரவும் தைரியமில்லை. பாட்டை மெல்ல இறக்கிவிடலாம். அடுத்த வாரம் இரண்டாவது இடம். அப்புறம் ஐந்து. அப்புறம் ஒன்பது. நான்காவது வாரம் அது பட்டியலில் இல்லை. வானொலியில் என்ன சொன்னார்களோ அதை அப்படியே எழுதினாள். தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அண்ணனிடமிருந்து நான்கு வரியில் பதில் வந்தது. 'ஒரு பாட்டு எத்தனை நாளைக்குத்தான் இருக்கும்' என்று அதில் ஒரு வரி. அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நிம்மதியானாள். அதன் பிறகு அவன் பாட்டைப் பற்றி எழுதுவது குறைந்தது. அவளும் தட்டச்சு வகுப்பில் சேர்ந்தாள். கடிதங்களில் வீட்டு விவரம் மட்டும் போகலாயிற்று.

வருடங்கள் போயின. பாலசுந்தரம் துளை போடுகிற டிரில்லர் ஆனான், பிறகு நான்கு பேரோடு கூட்டாக ஒரு வண்டி வைத்திருந்தான், ராசிபுரத்திலேயே பெண் எடுத்தான், தனப்பிரியா என்று ஒரு மகள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தங்கை வீட்டுக்கு வருவான். ஒவ்வொரு முறையும், இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அகல்யா நினைப்பாள். சாப்பாடு பரிமாறுவாள், குழந்தைகளைப் பற்றிப் பேசுவார்கள், அவன் கிளம்பிவிடுவான். இதைப் போய்ச் சொல்வதா என்று பிறகு தோன்றும். சின்ன விஷயம்தான். ஆனால் அந்தக் கடையில் அவன் திரும்பிப் பார்த்த பார்வை மட்டும் அவளை விட்டுப் போகவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் அவனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. முப்பது வருடம் பாறைத்தூளைச் சுவாசித்ததில் நுரையீரல் கல்லாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னார். இந்த வருடம் மாசியில் சேலத்தில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். பதினான்கு நாள் பகல் முழுவதும் அகல்யா அவன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்ததால் அவனால் அதிகம் பேச முடியாது. ஒரு நாள், "அண்ணா, அந்தப் பரிசல் பாட்டு" என்று ஆரம்பித்தாள். அவன் கண்ணைத் திறந்து சிரித்த மாதிரி இருந்தது. அதற்குள் இருமல் வந்து, செவிலியர் ஓடி வந்து, அவளை வெளியே போகச் சொன்னார்கள். மூன்றாம் நாள் அவன் போய்விட்டான்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து, அகல்யா ராசிபுரத்தில் அண்ணன் வீட்டில் இருந்தபோது ஒருவர் வந்தார். எழுபது வயதிருக்கும், ஒல்லியான ஆள், தோளில் துண்டு. பெயர் குமாரசாமி, அண்ணன் முதன்முதலில் போன ரிக் வண்டியில் டிரில்லராக இருந்தவர். திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஊர். தகவல் தாமதமாகத்தான் தெரிந்ததாம். பாலசுந்தரத்தின் படத்துக்கு முன் நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவருக்குத் தனப்பிரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அகல்யாவைக் காட்டி, இது அத்தை என்றாள்.

பெரியவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, கடுதாசி போட்ட பாப்பா நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றாள். அவர் அந்தக் கடிதங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். வாய்க்குள் மண்ணும் காதில் கம்ப்ரசர் சத்தமுமாகக் கிடந்த ஒன்பது பேருக்கு அது எப்படி இருந்தது என்றார். பாலசுந்தரம் எந்தப் பாட்டை எப்படிப் பாடுவான் என்றார். அகல்யா கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, நாற்பத்தொரு வருடமாக அண்ணனிடம் சொல்லாததை முன்பின் தெரியாத அந்த மனிதரிடம் சொன்னாள். பரிசல் பாட்டு முதலிடத்தில் இருந்ததே இல்லை, தானாக எழுதியது என்றாள். தனப்பிரியா கதவருகே நின்று கேட்டாள்.

குமாரசாமி ஆச்சரியப்படவில்லை.

"அது எங்களுக்குத் தெரியுமுங்க. வைகாசியிலயே தெரியும். ஊர்ல இருந்து புதுசா ஒரு சமையல்காரரு வந்தாரு. வாரா வாரம் ரேடியோ கேக்கறவரு. அப்படி ஒரு பாட்டே வரலீன்னு சொல்லிப்போட்டாரு."

அண்ணனுக்கும் தெரியுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார்.

"நாந்தான் உங்க அண்ணங்கிட்டச் சண்டைக்குப் போனேன். பாப்பா பொய் எழுதுதுன்னேன். அவரு கோவிக்கலீங்க. என்ர தங்கச்சி எனக்காவ எழுதுது, ரேடியோக்காரன் எனக்காவ என்ன பண்ணுனான்னு கேட்டாரு. அதுக்கப்பறம் நாங்க யாரும் பேசலீங்க. மொத எடம்னு வாசிப்பாரு, எல்லாருஞ் சேந்து பாடுவோம்."

அப்படியானால் அந்தக் கேசட் கடைக்குப் போனபோதே அவனுக்குத் தெரியும். பாட்டு மட்டும்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. தன்னைச் சோதிக்கப் பார்த்த பார்வை இல்லை அது என்று அகல்யாவுக்கு இப்போதுதான் புரிந்தது. அவள் பயந்துபோய் நிற்கிறாள் என்று கண்டுகொண்டுதான் பேசாமல் பூ வாங்கிக் கொடுத்திருக்கிறான். அவளுக்குக் கண் நிறைந்தது. பெரியவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் எதையும் மறைத்துப் பேசத் தெரியாத மனிதர்.

"ஆடி முடிஞ்சு மறுக்கா வடக்க போனோமுங்க. அப்பறம் வந்த கடுதாசியில அது எறங்கிட்டே வந்துது. ஒரு நாளு பட்டியல்லயே இல்லை. அன்னைக்கு அவரு முச்சூடும் வாசிக்கல. மடிச்சுச் சட்டைப் பையில வெச்சுக்கிட்டாரு. பாப்பா வளந்துருச்சுன்னாரு. அதுக்கப்பறம் எங்களுக்கு வாசிச்சுக் காட்டுனதே இல்லீங்க."

 பொய் எழுதியதற்காகத்தான் அகல்யா இத்தனை வருடம் மனசுக்குள் குமைந்திருந்தாள். அவனுக்கு வலித்தது அவள் நிஜத்தை எழுதிய அன்றைக்குத்தான். அதை அவள் நிம்மதி என்று நினைத்திருந்தாள். இதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? தனப்பிரியா வந்து அத்தையின் தோளைத் தொட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அகல்யா அழுதாள். துக்கம் கேட்க வந்தவர்கள் கூட்டத்தில் அழுத அழுகை வேறு, இது வேறு.

குமாரசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எழுந்ததும் இருமினார். அந்த இருமலை அகல்யா பதினான்கு நாள் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறாள். எத்தனை நாளாக என்று விசாரித்தாள். இரண்டு வருடமாக இருக்கிறது, கஷாயம் குடிக்கிறேன், சம்சாரம் போன பிறகு அலைச்சலுக்குத் துணை இல்லை என்றார். ஒன்பது பேரில் இப்போது இருப்பது எத்தனை பேர் என்று கேட்டாள். தன்னைச் சேர்த்து மூன்று என்றார்.

அடுத்த புதன்கிழமை அவரைச் சேலத்துக்கு வரச் சொன்னாள். வேண்டாம் என்று இரண்டு தடவை மறுத்தார், மூன்றாவது தடவை வாரேன் என்றார். பழைய பேருந்து நிலையத்தில் காத்திருந்து, ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். வரிசையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தார்கள். நெஞ்சைப் படம் எடுத்தார்கள், குழாயில் ஊதச் சொன்னார்கள். மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கூட வந்திருப்பது யார் என்று கேட்டார்.  "தங்கச்சிங்க" என்றாள் அகல்யா.

பாதி நுரையீரலில் தூள் படிந்திருக்கிறது, போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது, மீதியைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். மருந்தை உறிஞ்சும் கருவி ஒன்றும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மாதம் ஒரு முறை வர வேண்டும், புகை தூசி ஆகாது என்றார். கருவியை எப்படி வாயில் வைத்து இழுக்க வேண்டும் என்று அகல்யா அவருக்கு மூன்று தடவை செய்து காட்டினாள். மற்ற இரண்டு பேரின் தொலைபேசி எண்களையும் வாங்கிக்கொண்டாள். ஒருவர் குமாரபாளையத்தில் இருக்கிறார். அவருக்கும் இருமல் உண்டாம். அடுத்த மாதம் அவரையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டு, குமாரசாமி திருச்செங்கோட்டுப் பேருந்தில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். வண்டி புறப்படும் வரை அகல்யா வெயிலில் நின்றாள்.