கோபமாகப் பார்த்த படம்

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையெங்கும் மரத்தை வெட்டிப் போட்டு, பஸ் ஓடாமல் கிடந்து, மறுபடி ஓட ஆரம்பித்த நேரம். கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் நான் படத்துக்கு டச்சிங் செய்துகொண்டிருந்தேன். செத்தவர்களுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, சுவரில் மாட்டுகிற மாதிரி ஆக்கித் தருகிற வேலை. எனக்கென்று யாரும் கிடையாது. வாடகை அறையும் பேசாத முகங்களும்தான்.

வெள்ளிமலைக்காரர் ஒருவர் இறந்துபோன மனைவியின் படத்தைக் கொண்டுவந்தார். திருவிழாவில் யாரோ எடுத்தது. இருந்ததே அந்த ஒரு படம்தான். அதிலும் அந்தம்மா கண்ணை மூடியிருந்தார்.

“கண்ணத் தொறந்து வெச்சிடுங்க. பதினாறாம் நாளு மாலை போடணும்,” என்றார்.

வரைந்து வைத்தேன். வந்து பார்த்தவர், “கோவமா பாக்குதுங்க,” என்றார். இமையைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அப்போதும் கோபம்தான் என்றார். மூன்றாம் தடவை, மனைவியின் அக்காளையும் கூட்டிக்கொண்டு வந்து அதையே சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“யோவ், கண்ணைத் தவிர வேற எதையும் நான் தொடல. இதுல இன்னா கோவத்தைக் கண்ட நீ?”

அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“மூங்கில்துறைப்பட்டுக்குக் கரும்பு வெட்ட வந்தப்ப, அதுங்கூட சண்டை போட்டுக்கினு வந்தேங்க. காய்ச்சல்னு சேதி வந்திச்சு. பஸ்ஸு இல்ல. நடந்துக்கினே போனேன். நான் போறதுக்குள்ள பொதைச்சிட்டாங்க. எம்மேல கோவத்தோடவே பூட்டுதோ இன்னாவோ, தெரியலீங்களே!”

நான் ஏன்டா வாயைத் திறந்தோம் என்று நின்றேன். அக்காள் படத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

“கோவமா? நல்லா பாரு தம்பி. சிரிக்கிறா. சின்னதுல இருந்தே இவ வாயத் தொறக்காமத்தான் சிரிப்பா.”

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தன்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தார்போல. என்னைப் பார்த்தார்.

“நீங்க சொல்லுங்க. கண்ணு வரைஞ்சவரு நீங்கதானே?”

“சிரிக்கிறாங்கதான்,” என்றேன்.

அவர் முகம் கோணி, ஓவென்று அழுதார். பிறகு படத்தைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னது பொய். எனக்கு அந்த முகத்தில் கோபமும் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. எந்த இடத்தில் மை தடித்துவிட்டது என்பதுதான் தெரிந்தது. கோபமாகவாவது பார்க்க அவருக்கு ஒருத்தி இருந்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனுஷன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.