மாடியிலிருந்து வந்த ராகம்

எனக்கு நாலு பேரிடம் பேசவே கூச்சம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இரும்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் என் கடைசி மகன் சாமும் அவன் சிநேகிதர்களும் கிடார், டிரம்ஸ் வைத்துப் பாடுவார்கள். பாட்டு என்றால் தொண்டை கிழியக் கத்தல்தான். கத்துவது சாம்.

"கொஞ்சம் ராகமாப் பாடேன்டா!"

"இது ஹார்ட்கோர் மியூசிக்மா, இப்படித்தான்" என்று சிரிப்பான். அவனுக்கு அதுதான் உயிர். நானோ சர்ச்சில் முழங்கால் போட்டு, அவன் வாயில் நல்ல பாட்டு வரவேண்டும் என்று ஜெபிப்பேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் மாடியிலிருந்து அப்படியொரு இனிமையான பாட்டு வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டு முடிந்ததும் டீயோடு ஏறினேன். சாம் மேல்படியில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"உன் குரல் இவ்வளவு அழகாடா?"

"அது நான் இல்லம்மா. இனிமே எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரி பாடப் போறாங்களாம். எனக்குத்தான் ராகம் வராதே. என் இடத்துல பாட புதுசா ஒருத்தன் வந்திருக்கான்."

அதற்குள் டிரம்ஸ் அடிக்கிற பையன் எட்டிப் பார்த்தான். "ஆன்ட்டி, டீயா? சூப்பர்! புதுப் பாட்டு எப்படி?"

கூச்சத்தில் எனக்கு வேறெதுவும் வரவில்லை. "நல்லா இருக்குப்பா" என்றேன். சாம் தலையைக் குனிந்துகொண்டான்.

பாட்டு நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.