அரை பிரேக்

பூமி இதுவரை சூரியனில் போய் முட்டாமல் இருப்பதற்கு எங்கள் மாமாவின் வலது கால்தான் காரணம். இதை எழுதும் இந்த நிமிடத்திலும் சோபாவில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டுதான் இருக்கிறார். டிவியில் ஒரு லாரி வளைவில் தறிகெட்டு வருகிறது. மாமாவின் கால் தரையை அழுத்துகிறது. லாரி தப்பித்துவிடுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு லாரிக்காரன்கூட நன்றி சொன்னதில்லை. அந்த இடத்தில் மட்டும் தரைவிரிப்பு தேய்ந்து, நூல் பிரிந்து, அடியிலிருக்கும் சிமெண்ட் பல்லை இளிக்கிறது. அத்தை பேச ஆரம்பித்தாலும் மிதித்துப் பார்ப்பார். அது மட்டும் நிற்காது. "அந்த வண்டிக்கு ஒயர் அறுந்து ரொம்ப நாளாச்சு" என்பார், அத்தை சமையலறைக்குள் போனதை நன்றாக உறுதி செய்துகொண்ட பிறகு.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டுதான் அவருடைய ஆபீஸ். அவர் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக் உண்டு. ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது, அந்த ஒரு பிரேக்தான். "ஓட்டுறவனுக்கு ரோடு தெரிஞ்சாப் போதும். எனக்கு ரோடும் தெரியணும், ஓட்டுறவன் புத்தியும் தெரியணும்" என்பது அவர் கட்சி. கியரில் கை படுவதற்கு முன்பே அந்தக் கை என்ன தப்புச் செய்யப்போகிறது என்று சொல்லிவிடுவார். முதல் நாள் வந்து நடுங்குகிறவரைக்கூட 'டிரைவர்' என்றுதான் கூப்பிடுவார். "டிரைவர் மேடம், கண்ணைத் தொறந்துட்டு ஓட்டினா இன்னும் கொஞ்சம் வசதியா இருக்கும்."

அவர் கணக்கில் பிரேக் மூன்று வகை. லேசு, அரை, முழுசு. லேசு வேகத்துக்கு. முழுசு உயிருக்கு. "அரை பிரேக் எதுக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்று எல்லோரையும் கேட்பார். யாருக்கும் தெரியாது. "வண்டி நிக்கிறதுக்கு இல்ல. நான் பக்கத்துல இருக்கேன்னு சொல்றதுக்கு." ஓட்டுபவரின் கை உதறும்போது மாமா வாயைத் திறக்கமாட்டார். பாதி அழுத்துவார். வண்டி ஒருமுறை தலையாட்டும். ஓட்டுபவருக்கு மூச்சு திரும்பி வரும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பின்சீட்டு எனக்குச் சொந்தம். கற்றுக்கொள்ள வரும் பெண்களுக்குக் காருக்குள் இன்னொரு பெண் இருந்தால் தைரியம் என்று அத்தை கண்டுபிடித்தார். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்று வீட்டில் இன்னும் தீர்ப்பு வராத நிலையில், என்னைத் தூக்கிப் பின்னால் போட்டார்கள். மாமா எனக்கு வைத்த பெயர் இண்டிகேட்டர். "இடது பக்கம் போட்டுட்டு வலது பக்கம் திரும்புற ஜென்மம்." அநியாயம் என்று சொல்லமாட்டேன். பழகுநர் என்பதற்கான சிவப்பு 'எல்' அட்டையை அவர் சட்டை முதுகில் ஒட்டிவிட்டு, அப்படியே வங்கி வரைக்கும் நடக்கவிட்டவள் நான்தான்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒரு காலை. பாடம் படிக்க வந்த பேங்க் மேனேஜர் பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தார். எதிரே ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். மாமா முழுசையும் போட்டார். பம்பருக்கும் தள்ளுவண்டிக்கும் நடுவே ஒரு சாண். குழந்தையின் தூக்கம்கூடக் கலையவில்லை. மேனேஜர் அடுத்த மாதமே லைசென்ஸ் வாங்கி இனிப்பு கொடுத்துவிட்டுப் போனார். மாமாவுக்குத்தான் அன்றிலிருந்து நெஞ்சு படபடப்பு, உள்ளங்கை வியர்வை, உட்கார்ந்த இடத்திலேயே மூச்சுத் திணறல்.

"அதான் ஒண்ணும் ஆகலையே மாமா" என்றேன் ஒருநாள்.

"அதாண்டி பயம். ஆகியிருந்தா அழுது முடிச்சிருப்பேன்."

டாக்டர் பதற்றத்துக்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை எழுதிக்கொடுத்தார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, குடிப்பழக்கம் இருந்தால் அறவே கூடாது. மாமா இரண்டாவது பாதியை டாக்டர் வேறு யாரிடமோ சொன்னதுபோலக் கேட்டுக்கொண்டார். படபடப்பு வந்த நாளிலிருந்து ஃபைல் அலமாரிக்குப் பின்னால் ஒரு பாட்டிலும் குடிவந்திருந்தது. அதை டாக்டரிடம் சொல்லவில்லை.

ஆனால் மாமா விவரம் தெரியாதவர் இல்லை. விவரம் கொஞ்சம் அதிகம், அதுதான் வினை. பயிற்சிப் பள்ளிச் சுவரில் ஒரு பலகை உண்டு, யாருக்கு எத்தனை மணி பேட்ச் என்று. ஒருவரையொருவர் பார்த்தால் முறைத்துக்கொள்ளும் இரண்டு மாணவர்களை மாமா ஒரே பேட்சில் போடவே மாட்டார். அதே மூளையை இங்கேயும் ஓட்டினார். இரவு மாத்திரையைத் தானாகவே பகல் ஒரு மணிக்கு மாற்றினார். பாட்டிலுக்கு மாலை ஏழு மணி.

"ஒரு மணி பேட்ச் ஏறி எறங்கிப் போனப்புறந்தான் ஏழு மணி பேட்ச் வருது. ரெண்டு பேரும் மூஞ்சியே பார்த்துக்கிறது இல்ல" என்று அத்தைக்கு விளக்கினார்.

"உங்க உடம்பு என்ன டிரைவிங் ஸ்கூலா?" என்றார் அத்தை.

மாமாவின் கால் தரையை அழுத்தியது. பலனில்லை. அத்தை மேலும் பதினைந்து நிமிடம் ஓடினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. மணி எட்டுகூட ஆகவில்லை. மாமா சோபாவில் சாய்ந்திருந்தார், கையில் காலி டம்ளர். டிவியில் கார்ப் பந்தயம். ஒரு கார் சுவரை நோக்கிப் பாய்ந்தது. நான் வழக்கம்போல மாமாவின் காலைப் பார்த்தேன். அது அசையவில்லை. கார் சுவரில் மோதிச் சிதறியது. கால் அப்படியே இருந்தது.

"மாமா, பிரேக்!" என்று கத்தினேன். எப்படிப்பட்ட தூக்கத்திலும் அந்தக் கால் அதற்கு மட்டும் பதில் சொல்லும். எத்தனையோ மதியம் அவர் தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே கத்தியிருக்கிறேன். இப்போது பதில் இல்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். தலை துணி மூட்டைபோல மறுபக்கம் சாய்ந்தது. மூச்சு வந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பேருந்து போகுமளவு இடைவெளி. அத்தை தண்ணீரைக் கொண்டுவந்து முகத்தில் அடித்தார். நான் செருப்பில்லாமல் தெருமுனை மருந்துக்கடைக்கு ஓடினேன். கடை அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு திரும்பியபோது மாமா கண்ணைத் திறந்து, "எந்தக் கழுதைடி தண்ணி ஊத்துனது?" என்று அத்தையையே கேட்டுக்கொண்டிருந்தார். அத்தைக்கு அழுகையும் கோபமும் ஒரே வாயில் வந்ததால் இரண்டும் சரியாக வெளியே வரவில்லை.

அக்கா மாமாவின் நாடியைப் பார்த்தார், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தார். என்னை வாசலுக்குக் கூட்டிப்போய் விசாரித்தார். ஒரு மணி, ஏழு மணி கதையைச் சொன்னேன்.

"பேட்ச் கணக்கா? நல்லா இருக்கே. இந்த மாத்திரை மத்தியானம் ஏறி சாயங்காலம் எறங்குற ஆளு இல்லடி. ரெண்டு மூணு நாளைக்கு சீட்டை விடாது. அதுகூட பாட்டிலும் போய் உட்கார்ந்தா, ரெண்டும் சேர்ந்து மூச்சையே தூங்க வச்சிரும். இன்னொரு தடவை எழுப்பி எழுந்திரிக்கலைன்னா என்கிட்ட ஓடி வந்து நேரத்தை வீணாக்காதே. ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"மாத்திரையை ஒளிச்சு வச்சிரட்டுமாக்கா?"

"அய்யோ, அதைத் தொடாதே. திடீர்னு நிறுத்தினா அது வேற கூத்து. பாட்டிலும் அப்படித்தான், பழகின உடம்பு. டாக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி அவர் சொல்லணும், அதான் வழி."

நான் சொன்னேன். அத்தை சொன்னார். மாமா, "ஒரு நாள் அசந்து தூங்கினா ஊரைக் கூட்டுவீங்களா?" என்றார்.

மறுநாள் காலை பல் டாக்டரம்மாவுக்குப் பாடம். பெரிய சாலைகூட இல்லை, குடியிருப்புக்குள் ஒரு சந்து. டாக்டரம்மா திருப்பத்தில் ஸ்டியரிங்கை ஒடிக்க மறந்தார். மாமாவின் கால் போனது. போனதை நான் பார்த்தேன். ஆனால் ஒரு கண் சிமிட்டல் தாமதமாகப் போனது. வண்டி ஓரத்துக் குப்பைத்தொட்டியை இடித்துக் கவிழ்த்த பிறகுதான் நின்றது. டாக்டரம்மா, "சாரி சார், சாரி சார்" என்று அழும் குரலில் சொன்னார். "உங்க மேல தப்பில்ல, டிரைவர் மேடம்" என்றார் மாமா. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை. தன் வலது காலைப் பார்த்தார். யாரோ இரவல் கொடுத்த காலைப் பார்ப்பதுபோல. அந்தச் சந்தில்தான் பிள்ளைகள் சைக்கிள் பழகுவார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்று மாலைதான் நான் பால் விடாத டீயின் நிறத்தை ஆராய ஆரம்பித்தேன்.

என் வாழ்நாளிலேயே மிக நேர்த்தியான குறும்பு அது. பின்சீட்டுக்கு வேலையில்லாத ஆண்கள் பேட்சில், அத்தை பயிற்சிப் பள்ளி ஆபீஸிலும் மாமா பாடத்திலும் இருக்கும் நேரத்தில் டீயைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, ஆறவைத்து, பாட்டிலிலிருந்து இரண்டு கரண்டி எடுத்துவிட்டு இரண்டு கரண்டி ஊற்றினேன். அடுத்த வாரம் நான்கு. அதற்கடுத்த வாரம் ஆறு. டீ கெட்டுப்போகும் என்பதால் நாள் தவறாமல் புதிது கலக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்த ஒழுங்கு இருந்திருந்தால் நான் இப்போது கலெக்டர். ஒரு விஷயம்தான் பிடிபடவில்லை. நான் கணக்குப் போட்டதைவிட நிறம் வேகமாக வெளுத்தது. கணிதம் எனக்கு எப்போதுமே வராது என்பதால் தூளை இன்னும் இரண்டு கரண்டி கூட்டிப் போட்டுச் சமாளித்தேன்.

மாமா ஏழு மணிக்கு ஊற்றிக்கொள்வார். முதல் வாய்க்கு வழக்கம்போல முகத்தைச் சுளிப்பார், "ஹா" என்பார். ஐந்தாவது வாரம் வெறும் டீயைக் குடித்துவிட்டு, கண் சொருக, முதன்முதலில் அத்தையைப் பெண் பார்க்கப் போனபோது வண்டி பஞ்சரான கதையைச் சொன்னார். நான் சமையலறைக்குள் ஓடி, முந்தானை கிடைக்காததால் கை துடைக்கும் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். அந்த வாரமே டிவியில் ஒரு டிராக்டர் பள்ளத்தில் இறங்கப்போனது. மாமாவின் கால் அழுத்தியது. டிராக்டர் பிழைத்தது. இதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. கைத்துணி வேறு வேலைக்குப் பயன்பட்டது.

இடையில் இரண்டு மூன்று தடவை, டயர் பார்க்கப் போகிறேன் என்று மாமா தனியாக வெளியே போய்வந்தார். டயர் என்னவோ பழையதாகவே இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவேண்டும். மாத்திரை ஒரு மணியிலிருந்து மறுபடி இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னால் போய்விட்டதையும் கவனித்திருக்கவேண்டும். ஆனால் நான் ஒரு விஞ்ஞானியின் மமதையில் இருந்தேன்.

நேற்று ஏழு மணிக்கு மாமா அலமாரிக்குப் பின்னாலிருந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு வந்தார். ஒரு டம்ளர் வைத்தார். பக்கத்திலேயே இன்னொன்று. இரண்டிலும் ஊற்றினார். இரண்டாவதை என் பக்கம் நகர்த்தினார்.

"குடி, இண்டிகேட்டர்."

அத்தையின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. "ஏங்க! புத்தி கெட்டுப்போச்சா? வயசுப் பொண்ணுக்குப் போயி..."

"அவளே சொல்லட்டும், குடிக்கலாமா கூடாதான்னு."

நான் டம்ளரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன்.

"முதல் நாளே தெரியும்டி" என்றார் மாமா. "கியர்ல கை வைக்கிறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கிறவன்கிட்ட டீத்தூளை வச்சு விளையாடுற. நீ ரெண்டு கரண்டி டீ ஊத்தினா, ராத்திரி நான் வந்து ரெண்டு கரண்டி தண்ணி ஊத்தினேன். டாக்டர்தான் அளவு சொன்னாரு, ஒரேடியா வேண்டாம், இப்படி இப்படிக் குறைன்னு. எல்லாத்தையும் சொல்லிட்டேன் அவர்கிட்ட, குப்பைத்தொட்டி வரைக்கும். ஆனா ஒண்ணு கேக்கணும். நாளுக்கு நாள் ஏன்டி இந்தக் கசப்பு கசக்குது?"

அத்தை என் டம்ளரை எடுத்து மோந்து பார்த்தார். ஒரு வாய் குடித்தார். "டீயா?" என்றார். பிறகு அவர் பார்வை டம்ளரிலிருந்து கிளம்பி மெதுவாக என்மேல் வந்து நின்றது. "ரெண்டு மாசமா டப்பால தூள் தீர்ந்துக்கிட்டே இருக்கேன்னு கடைக்காரனைத் திட்டிக்கிட்டு இருக்கேன். யார் வேலை இது?"

உலகிலேயே மிக அப்பாவியான முகம் ஒன்று என்னிடம் உண்டு. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, எனக்கொன்றும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். உதடுதான் உதறியது.

மாமா என்னைப் பார்க்கவே இல்லை. தன் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார். மேசைக்கு அடியில் அவருடைய வலது கால் வந்து என் பாதத்தின்மேல் இறங்கி, பாதி அழுத்தியது.