கேஸ் முடிஞ்சிபோச்சி

எங்கள் நிலக் கேஸில் அன்று தீர்ப்பு வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். ரிஷிவந்தியத்திலிருந்து கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு ஷேர் ஆட்டோவில் கிளம்பினேன். ஓட்டியவர் ஒடிசலான மனிதர். காக்கிச் சட்டை தோளில் வெளுத்திருந்தது. வண்டி நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி, பின்னாலிருந்த கேஸ் சிலிண்டரைத் தேங்காய் வாங்குபவர் போல விரலால் தட்டிக் காது கொடுத்தார்.

கள்ளக்குறிச்சியை நெருங்கும்போது கேஸ் பங்க்கில் நீண்ட வரிசை. ஆட்டோவிலிருந்த மற்றவர்கள் பொறுமையிழந்து இறங்கி நடந்துவிட்டார்கள்.

“கவர்மெண்ட் கேஸ் வெலையக் கொறச்சா சரியாப் போயிடும்” என்றேன்.

“கொறச்சா கட்டுப்படியாவலன்னு பூமியிலேர்ந்து எடுக்கற கம்பெனிக்காரன் எடுக்க மாட்டன்றான் சார். அவன் கேக்கற வெலைக்கு வுட்டா நான் போட முடியாது. ரெண்டுலயும் என் வண்டிதான் நிக்குது. டீசல் வண்டிய வித்துட்டு இத்த வாங்கினேன். இன்னா பண்றது, நீங்களே சொல்லுங்க.”

வெயிலில் கண் சொக்கியது.

“கேஸ் முடிஞ்சிபோச்சி!” என்று முன்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அப்பா காலத்திலிருந்து இழுக்கும் கேஸ். “முடிஞ்சிடுச்சா!” என்று வாய்விட்டுச் சிரித்தபடி எழுந்தேன்.

ஆட்டோக்காரர் இறங்கி நின்று சிலிண்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். இந்த முறை காது கொடுக்கவில்லை, வெறுமனே தட்டிக்கொண்டே இருந்தார்.

“இன்னா சார், சிரிக்கிறீங்க?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்தேன்.

அன்றும் வாய்தாதான் கொடுத்தார்கள். என்றைக்காவது வக்கீல் ‘கேஸ் முடிஞ்சிபோச்சி’ என்று சொல்லும்போது என்னால் சிரிக்க முடியுமா என்று தெரியவில்லை.