கவிழ்த்து வைத்த ஹெல்மெட்

அந்த மேஜை ஜன்னல் பக்கமாக இரண்டு மில்லிமீட்டர் சரிந்திருந்தது. வேறு யாருக்கும் அது தெரியாது, தெரிந்தாலும் யாருக்கும் கவலை இல்லை. ஆனால் அவர் கீபோர்டுக்குப் பக்கத்தில் சாண் நீள ரசமட்டம் ஒன்றை வைத்திருந்தார். அதன் கண்ணாடிக் குழாயில் இருந்த குமிழி, பதினோரு மாதங்களாக நடுவுக்கு வராமல் ஓரமாகவே ஒதுங்கி நின்றது. அந்த அலுவலகத்தில் அவரும் ஏறக்குறைய அப்படித்தான்.

கட்டட வேலையில் பதினாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். அந்த ரசமட்டத்தைப் பின்பாக்கெட்டில் செருகிக்கொண்டே திரிந்ததால் பெயரே ரசமட்டம் என்று ஆகிவிட்டது. ஒருநாள் சாரத்திலிருந்து விழுந்தார். முழங்கால் போயிற்று. மாடி ஏற முடியாத சூப்பர்வைசரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தக் கம்பெனிக்கு மென்பொருள் செய்துகொடுத்தவர்கள் அதைப் புதிதாக மாற்றப் போகிறோம், சைட் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்றார்கள். வந்து உட்கார்ந்தார். பட்டப்பெயரும் கூடவே வந்து உட்கார்ந்தது.

மென்பொருள் என்றால் பெரிய மாயம் ஒன்றும் இல்லை. ஒரு கட்டடத்தின் வேலைகளைப் பட்டியல் போட்டு, எது யார் பொறுப்பு, எது என்றைக்கு முடிய வேண்டும் என்று எல்லோருடைய போனிலும் காட்டும். முடித்தால் டிக் போட வேண்டும். டிக் விழுந்தால் பச்சை, நாள் தப்பினால் சிவப்பு. அவ்வளவுதான். இந்த அவ்வளவை மாற்றத்தான் பதினோரு மாதமாகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தப் பச்சை என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம்.

"சைட்ல இதை எப்படிப் பார்ப்பாங்க அண்ணா?" என்று யாராவது கேட்பார்கள்.

"வெயில்ல பச்சையும் தெரியாது, சிவப்பும் தெரியாதும்மா. போனைக் கையால மறைச்சுக்கிட்டுத்தான் பார்க்கணும்."

சிரிப்பார்கள். குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் இன்னொரு பச்சை வரும்.

வீட்டில் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்பாள். "இன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

"உட்கார்ந்தேன்."

"நேத்து?"

"நேத்தும் அதேதான். நாற்காலி மட்டும் வேற."

"என் தம்பி அங்க வெயில்ல வேகுறான். உங்களுக்கு உட்கார்றது கசக்குது" என்பாள். அவளுடைய தம்பியும் சூப்பர்வைசர்தான். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டு, கம்பியைத் தொட்டுப் பார்க்கவும் சிமெண்ட்டை மோந்து பார்க்கவும் பழக்கியவர் இவர். போதாக்குறைக்கு ஹெல்மெட்டையும் பழக்கிவிட்டிருந்தார்.

அந்தக் கதை இப்படி. பழைய மென்பொருளில் டிக் போட்டால் கூடவே ஒரு படமும் எடுத்து அனுப்ப வேண்டும். படம் இல்லாமல் டிக் ஏறாது. சிவப்பு விழுந்த ஐந்தாவது நிமிடம் கட்டடக் கம்பெனியின் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வரும். "ஏன் சிவப்பு?" மழை என்று சொன்னால் ஏற்க மாட்டார்கள், பட்டியலில் மழைக்கு இடம் இல்லை. ஒரு மழை மதியத்தில், நாலாவது போனுக்குப் பிறகு, ரசமட்டத்துக்கு அலுத்துவிட்டது. முடியாத வேலைக்கு டிக் போட்டார். தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி, தரையில் கவிழ்த்து வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். அதற்கடுத்த வேலையைத் தொடங்கவேண்டிய மச்சினன் படத்தைப் பார்த்தான், புரிந்துகொண்டான், தொடங்காமல் நின்றான். டிக் ஆபீசுக்கு, படம் நமக்கு. "முடிஞ்சுதுன்னு சொல்லியிருக்கேன், நம்பாதே" என்று அர்த்தம்.

யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆட்கள் ஒரு சைட்டிலிருந்து இன்னொரு சைட்டுக்கு மாற மாற அதுவும் மாறிப் போயிற்று. ஏழே வருடத்தில் எல்லாச் சைட்டிலும் அதுதான் பேச்சு.

டீம் லீடர் சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி, சாப்பிடும்போதும் ஒரு கை மவுஸ் மேலேயே இருக்கும். ஒரு திங்கட்கிழமை அவள் பெரிய திரையில் படங்களை விரித்துப் போட்டாள். மஞ்சள், வெள்ளை, நீலம், கீறல் விழுந்தது, பெயர் எழுதியது. திரை முழுக்க ஹெல்மெட்டுகள், எல்லாம் கவிழ்ந்தபடி, தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆமைகள் மாதிரி.

"ரெண்டாயிரத்துக்கு மேல இருக்கு! வேலையப் படம் எடுக்கச் சொன்னா ஹெல்மெட்ட எடுத்து அனுப்பியிருக்காங்க. சோம்பேறித்தனத்துக்கு ஒரு அளவு வேண்டாமா? புதுசுல ஹெல்மெட் படம் வந்தா மென்பொருளே தள்ளிடும். சரிதானே அண்ணா?"

முதல் வரிசையில், இடமிருந்து மூன்றாவதாக, அவருடைய ஹெல்மெட்டே இருந்தது. மழைத்தண்ணீர் அதைச் சுற்றித் தேங்கியிருந்தது. சொன்னால் அத்தனை பேரும் பொய் டிக் போட்டவர்கள் ஆவார்கள், மச்சினன் உட்பட. சொல்லாவிட்டால் சைட்டுக்காரர்களுக்கு இருந்த ஒரே நிஜமும் போய்விடும். பதினோரு மாதமாக யோசிக்காத ஆள் அந்த ஒரு நொடியில் இரண்டையும் யோசித்தார். யோசித்து,

"ம்" என்றார்.

மென்று விழுங்கிய அந்த ஓர் எழுத்து மூன்று வாரம் அவர் நெஞ்சிலேயே நின்றது.

மூன்றாவது வாரம் பயிற்சி வகுப்பு. ஒன்பது சைட்டிலிருந்து, சைட்டுக்கு ஒருவராக, சூப்பர்வைசர்கள் வந்திருந்தார்கள். ஏசி அறையில் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மச்சினனும் அங்கே இருந்தான். கடைசி வரிசையில் தலைமை அலுவலகத்துக்காரர்கள் இருவர். ரசமட்டம் மூலையில் லேப்டாப்போடு.

அன்று காலையே எல்லாச் சைட்டிலும் ஓடத் தொடங்கியிருந்த புது மென்பொருளின் பெருமையை டீம் லீடர் முதலிலேயே சொல்லிவிட்டாள். டிக் விழுந்த அடுத்த நொடியே அடுத்த வேலைக்காரருக்கு "நீங்கள் தொடங்கலாம்" என்று தகவல் போய்விடும். யாரும் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்கவும் வேண்டாம்.

பிறகு மச்சினனைக் கூப்பிட்டாள். "உங்க சைட்ல ஆறாவது மாடி, கான்கிரீட் பலம் சோதனை. நாலு நாளா சிவப்புல இருக்கே?"

கான்கிரீட் போடும்போதே அதே கலவையில் சின்னக் கட்டிகள் வார்த்து வைப்பார்கள். பிறகு அதை நசுக்கிப் பார்த்து, தளத்துக்குப் பலம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் அடியில் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்க வேண்டும். கட்டியின் முடிவு இன்னும் வரவில்லை என்று மச்சினனுக்குத் தெரியும். முதல்நாள் போனில் ரசமட்டத்திடம் அவனே சொல்லியிருந்தான்.

மச்சினன் கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "அது முடிஞ்சுது மேடம். டிக் போடத்தான் மறந்துட்டேன்."

"அப்ப இப்பவே போட்டுக் காட்டுங்க."

அவன் டிக்கை அழுத்தினான். மடியிலிருந்த ஹெல்மெட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்தான், படம் எடுத்தான். "இது வேலையின் படம் அல்ல" என்று திரை சொன்னது. ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். மற்ற சூப்பர்வைசர்கள் எட்டுப் பேரும் சிரிக்கவில்லை. மச்சினன் காது சிவக்க, போனில் துழாவி ஐந்தாவது மாடியின் பழைய படம் ஒன்றை எடுத்துப் போட்டான். பச்சை விழுந்தது. ஆபீஸ் கை தட்டியது.

டீ வரும்போது முட்டு பிரிப்பவர்களுக்கு ஒரு போன் போட்டால் போச்சு என்று அவன் நினைத்திருப்பான். ஏழு வருடப் பழக்கம். ஆனால் மூலையிலிருந்த லேப்டாப்பில் ரசமட்டம் பார்த்துக்கொண்டே இருந்தார். 'முட்டு பிரிப்போர்: தகவல் சென்றது.' கொஞ்ச நேரத்தில் 'தகவல் பார்க்கப்பட்டது.' அதற்கும் பிறகு 'வேலை தொடங்கியது.'

எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"மாப்ள, ஆறாவது மாடி!"

"மாமா?"

"பிரிக்க ஆரம்பிச்சுட்டாங்கடா. போன் போடு!"

மச்சினன் முட்டு பிரிப்பவர்களின் எண்ணை அழுத்தினான். எடுக்கவில்லை. இன்னொருவர் போட்டார், எடுக்கவில்லை. சுத்தியல் சத்தத்தில் எந்தப் போன் கேட்கும்? ஸ்டோர்காரரும் எடுக்கவில்லை.

"என்ன நடக்குது?" என்றாள் டீம் லீடர்.

"அந்தத் தளம் இன்னும் நிக்கத் தயாரில்லைம்மா" என்றார் ரசமட்டம். சொல்லிக்கொண்டே லிஃப்ட்காரர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தார். சாமான் ஏற்றும் லிஃப்ட்டை ஓட்டுபவர். கூப்பிட்டால் வருவதுதான் அவர் வேலையே. இரண்டாவது மணியில் எடுத்தார்.

"யாரு, ரசமட்டமா? உயிரோடதான் இருக்கியா?"

"ஆறாவது மாடி முட்டு. கை வைக்கவேண்டாம்னு சொல்லு. ஓடு!"

ரசமட்டம் போனை ஸ்பீக்கரில் போட்டார், லிஃப்ட்டின் கரகரப்பு கேட்டது. கதவு திறந்தது. ஒரு கத்தல். பிறகு சுத்தியல் நின்றது. நின்ற பிறகுதான், அதுவரை அது கேட்டுக்கொண்டிருந்ததே எல்லோருக்கும் தெரிந்தது.

"ஏழு கழட்டியிருக்காங்க. திரும்ப வெச்சுடறோம்" என்றார் லிஃப்ட்காரர். "அடியில பன்னிரண்டு பேர் நின்னுக்கிட்டு இருந்தாங்கப்பா."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று யாரும் சொல்லவில்லை. ஹெல்மெட் இன்னும் மேஜைமேல் கவிழ்ந்தே கிடந்தது. ரசமட்டம் விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து, ஹெல்மெட் கதை முழுவதையும் சொன்னார். சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. பதினோரு மாதக் கூட்டத்தில் அவர் பேசியதை எல்லாம் கூட்டினாலும் அவ்வளவு வராது.

டீம் லீடர் கேட்டாள். "ஏன் அண்ணா முன்னாடியே சொல்லல?"

"நீங்க கேக்கல. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்."

தலைமை அலுவலகம் ஹெல்மெட் அனுப்பியவர்கள் பட்டியலைக் கேட்டது. ரசமட்டத்தையே தயாரிக்கச் சொன்னார்கள். தொண்ணூற்றொரு சூப்பர்வைசர்களில் எண்பத்தெட்டுப் பேர். அனுப்பாத மூவரில் இருவர் புதிதாகச் சேர்ந்தவர்கள், மூன்றாமவர் ஹெல்மெட்டே போடாதவர். முதல் வரியில் தன்னைப் போட்டுக்கொண்டார். அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பினால் கட்டடம் யார் கட்டுவது? ஆகவே மச்சினனை மட்டும் பதினைந்து நாள் வீட்டில் உட்காரவைத்து, பிறகு ஒரு காம்பவுண்ட் சுவருக்கு மாற்றினார்கள். அவன் போன் செய்வதை நிறுத்தினான். மனைவி பேசினாள், ஆனால் தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினாள். அது அதைவிட மோசம்.

"எல்லாரும் இருக்கிற இடத்துலயா சொல்லணும்?"

"பன்னிரண்டு பேர் அடியில நின்னாங்க."

"தெரியும். அதனாலதான் உங்களத் திட்டக்கூட முடியல."

டீம் லீடர் புதிதாக ஒரு பொத்தான் வைத்தாள். 'இன்னும் இல்லை.' மஞ்சள் நிறம். எந்த மஞ்சள் என்று அவள் கூட்டம் போடவில்லை. ஒரு வாரம் திரையெங்கும் மஞ்சளாகப் பூத்தது. பார்க்க நன்றாக இருந்தது. இரண்டாவது வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து சைட்டுகளுக்குப் போன் போக ஆரம்பித்தது. "ஏன் மஞ்சள்?"

மூன்றாவது வாரம் மஞ்சள் குறைந்து பச்சை கூடியது. ரசமட்டம் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பூசிய சுவர், கட்டிய கம்பி, பதித்த குழாய். எல்லாம் வேலையின் படங்கள்தான், மென்பொருள் தள்ள ஒன்றும் இல்லை. ஒரு படத்தில் சுவரின் ஓரத்தில் ஒற்றைக் கையுறை கிடந்தது. யாரோ மறந்து வைத்தது போல. இன்னொரு சைட்டிலும் ஒரு கையுறை. காம்பவுண்ட் சுவரின் படத்திலும், செங்கல்மேல், உள்ளங்கை மேலே பார்க்க ஒன்று.

நாற்காலியில் சாய்ந்தார். குமிழி அதே ஓரத்தில் இருந்தது. முழங்கால் வலித்தது. ரொம்ப நேரம் போனைக் கையில் வைத்திருந்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து முதல் முறையாக மச்சினனைக் கூப்பிட்டார்.

"கையுறை பார்த்தேன் மாப்ள."

அந்தப் பக்கம் கலவை மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது.

"சுவர்தானே மாமா. விழுந்தாலும் யார் மேலயும் விழாது."

"உன்னோடது சுவர். மத்த ரெண்டு சைட்டும் மாடி."

மச்சினன் மெஷினை நிறுத்தச் சொன்னான்.

"சொல்லப் போறீங்களா?"

"உன்னைக் கேட்டுட்டுச் சொல்லலாம்னு பார்த்தேன். போன தடவ கேக்கல."

"கேட்டு என்ன ஆகப்போகுது?" என்றான் மச்சினன். "சொல்லிடுங்க. என் சுவரையும் சேர்த்தே சொல்லுங்க. ஒவ்வொரு தடவயும் புதுசா ஒண்ணு கண்டுபிடிக்க எனக்கும் அலுப்பா இருக்கு. அக்காகிட்ட ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லுங்க."

ரசமட்டம் மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். டீம் லீடரின் இடத்துக்கு இருபத்திரண்டு அடி. போனில் கையுறைப் படத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தார்.

"இது என்னன்னு கேளும்மா" என்றார்.